ஒய்.பி. பாத்துக்குவாரு

சிவநேசனுக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வாழ்வு வந்தது. அதுவும் சொந்த வாழ்வு இல்லை. தொலைக்காட்சியில், வேறொருவன் பெயரில், வேறொருவன் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வாழ்வு.

இரவு எட்டரை மணிக்கு ஓடிய துப்பறியும் நாடகம் அது. ஒரு பெண்பிள்ளை காணாமல் போகிறாள். தேடிப் போகிற இன்ஸ்பெக்டர் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு ஒய்.பி.யின், அதாவது தேர்தலில் ஜெயித்த ஒரு மக்கள் பிரதிநிதியின், பெயர் வந்து குறுக்கே நிற்கிறது. அந்த ஒய்.பி.க்கு மோகன்ராஜ் என்று ஒரு பி.ஏ. காடி என்று இந்த ஊரில் சொல்கிற காரின் கதவைத் திறந்துவிடுவது, தோல் பையைச் சுமப்பது, தொகுதி மக்கள் அழுதாலும் தொழுதாலும் "ஒய்.பி. பாத்துக்குவாரு" என்று சொல்லி நகர்வது, இவ்வளவுதான் அவன் வேலை. அந்த மோகன்ராஜாக நடித்தவர் ரைபிள்ரேஞ்சு அடுக்குமாடியில் குடியிருக்கும் நம் சிவநேசன்.

திறமைக்கு வந்த வாய்ப்பு என்று அவர் சொல்லிக்கொள்வார். நடந்தது வேறு. ஜுருவில் பழைய காடி விற்கிற ஒரு கடையில் அவருக்கு விற்பனையாளர் வேலை. நாடகத்துக்குக் கறுப்புக் காடி ஒன்று வாடகைக்கு வேண்டும் என்று இயக்குநர் அங்கே வந்தார். சிவநேசன் ஒரு கையால் கதவைத் திறந்தார். மறு கையை மேலே வைத்து, பெரிய மனிதரின் தலை இடித்துவிடாமல் காத்தார். இடுப்புக்கு மேலே உள்ளதெல்லாம் வளைந்தது, உதடு மட்டும் பாதி சிரித்தது. பி.ஏ. வேடத்துக்குப் பேசி வைத்திருந்த ஆள் அன்று காலைதான் கைவிரித்திருந்தார். இயக்குநர் காடியைப் பார்க்கவில்லை, குனிந்த முதுகைப் பார்த்தார். "அண்ணே, இதையே கேமரா முன்னால செய்வீங்களா?" என்று கேட்டார். இத்தனை காலம் வாடிக்கையாளருக்கு வளைந்த முதுகு அன்றைக்குக் கலையாகிவிட்டது.

இதைக் கேட்டு அவர் மனைவி சந்திரிகா சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது. அவள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கண்ணாடி வழியாகச் சின்னச் சின்னத் தகடுகளைப் பார்த்து, பழுதானதை ஒதுக்கிப் போடுகிறவள். வீட்டுக்காரரிடம் உள்ள பழுதும் அவளுக்குத் தெரியும்தான், ஒதுக்கிப் போட வழியில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு தடவையாவது அவர் காடிக் கதவைத் திறந்துவிட்டதுண்டா? பசாரில் இருந்து இரண்டு கையிலும் பையோடு வருவாள். அவர் முன்னால் விசில் அடித்துக்கொண்டு போவார்.

நாடகம் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அடுக்குமாடிக்குக் கீழே அவர் பெயர் மாறிவிட்டது. முன்பெல்லாம் "நேசா" என்று கூப்பிட்டவர்கள் "பி.ஏ. சார்" என்றார்கள். கீழே கடை வைத்திருக்கும் ஜாஹிர் அவருக்கு மட்டும் தேத்தண்ணியைத் தட்டு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, கடைக்கு வெளியே இரண்டு மேசை கூடப் போட அனுமதி கிடைக்குமா என்று காதோடு கேட்டார். ஒருவருக்குப் போலீஸ் சம்மனில் போட்ட அபராதத்தைக் குறைக்க வேண்டும். நாலாம் மாடி சுபாஷினிக்கு அம்மாவின் பேரில் வீடு வேண்டும். எல்லாருக்கும் சிவநேசன் ஒரே பதில்தான் சொன்னார். நாடகத்தில் சொன்ன அதே பதில், அதே பாதிச் சிரிப்பு.

இவர் நடிகர்தான், நிஜ பி.ஏ. இல்லை என்பது இவர்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் நம் ஜனங்களின் கணக்கே வேறு. யாரையும் தெரியாமலா நாடகத்தில் எடுத்திருப்பான்? யாரோடும் பழகாமலா இப்படி அச்சாக நடிக்க வரும்? வேடம் பொய்யாக இருந்தாலும் வேடத்துக்குப் பின்னால் ஒரு நிஜ ஒய்.பி. இல்லாமலா போவார்? இப்படிக் கேட்டுக் கேட்டே ஒரு ஆளை உருவாக்கிவிடுவார்கள். அப்புறம் அந்த ஆள் கைவிட்டுவிட்டான் என்று அழுவார்கள்.

இந்த ஊர்ப் பி.ஏ.க்களைச் சந்திரிகா கோயில் விழாக்களில் பார்த்திருக்கிறாள். ஒய்.பி.யைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம், பி.ஏ.வைக் கண்டுபிடிப்பது சுலபம். கூட்டத்தில் சிரிக்காமல் நிற்பவர் யாரோ அவர்தான். சாமிக்குக் கற்பூரம் காட்டும்போது போனைப் பார்ப்பார். ஒய்.பி.யின் கழுத்தில் மாலை விழுந்த மறுநிமிடம் அதைக் கழற்றிச் சுருட்டுவார். பிரசாதத்தைக்கூட அவர்தான் முதலில் முகர்ந்து பார்ப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்ற காலம் போய், பூசாரி கொடுத்தாலும் பி.ஏ. விடமாட்டான் என்று ஆகிவிட்டது. அந்த இனத்தில் ஒருவர் தன் வீட்டிலேயே முளைப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

நாடகக்காரர்கள் அந்தத் தோல் பையை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அதைத் தூக்காமல் அவர் மாடியை விட்டு இறங்குவதில்லை. பெரிய ஆளுக்கு இரண்டு போன் வேண்டும் அல்லவா? மகள் ரூபினி தூக்கிப் போட்ட, கண்ணாடி வெடித்த பழைய போனைத் துடைத்து எடுத்துக்கொண்டார். அதில் சிம் கிடையாது. ஜாஹிர் கடை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவ்வப்போது அந்தச் செத்த போனை எடுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்குவார்.

ஒரு நாள் அவர் குளிக்கப் போனபோது சந்திரிகா பையைத் திறந்து பார்த்தாள். ஒரு குடை, ஒரு சீப்பு, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் அந்தக் குடையைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார்.

"என்னங்க பி.ஏ. சார், பையில பிஸ்கட் நமுத்துப் போச்சு. ஒய்.பி.கிட்ட சொல்லவா?" என்றாள்.

"உனக்கு என்னைக்குத்தான் என் அருமை தெரிஞ்சிச்சு" என்றார் அவர். தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சிரிப்போடு போயிருந்தால் நல்லது. போகவில்லை.

ரூபினி டெங்கிக் காய்ச்சல் கண்டு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சந்திரிகா தண்ணீர்மலை முருகனிடம் ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள். "முருகா, பிள்ளையை எழுப்பிக் கொடு. மூணு பூசம் உன் பாதையில நின்னு, என் கையால கலக்கி, என் கையால மோர் ஊத்துறேன்." பிள்ளை எழுந்துவிட்டாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அம்மாவை எதிர்த்துப் பேசுகிறாள். இரண்டு பூசம் மோர் ஊற்றியாயிற்று. வரப்போவது மூன்றாவது. அது முடிந்தால்தான் நேர்த்திக்கடன் முடியும். குறையாக விட்டால் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்க்கமாட்டாள். நினைப்பு அந்தப் பக்கம் போனாலே விபூதியை எடுத்து மகள் நெற்றியில் பூசிவிடுவாள்.

மோர் கொடுத்தது அடுக்குமாடிக்காரர்களின் தண்ணீர்ப்பந்தலில். ஜாலான் உத்தாமாவில், ரதம் போகிற வழியில், வருடா வருடம் போடுகிற பந்தல் அது. பந்தலுக்குத் தலைவர் வேலு அண்ணன். லாரி ஓட்டி ஓய்ந்தவர், குரல் மட்டும் ஓயாதவர். இடம் சும்மா கிடைக்காது. மாநகர் மன்றத்தார் ஒரு மண்டபத்துக்கு எல்லாப் பந்தல்காரரையும் கூப்பிடுவார்கள். பேரைக் கூப்பிட்டதும் ஆள் எழுந்து போய்ப் பெட்டிக்குள் கையை விட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் என்ன எண்ணோ அதுதான் இடம். கூப்பிட்டு வராதவர்களின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். கோழிக்குஞ்சுக்குக்கூடப் புரிகிற சட்டம். இத்தனை வருடமும் வேலு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ச் சீட்டு எடுத்து வந்தார்.

இந்த வருடம் கூட்டத்தில் யாரோ பி.ஏ. சார் போகட்டுமே என்றார்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே நல்ல இடமாகக் கொடுப்பார்கள் என்று ஒருவர். கோயிலுக்குக் கிட்டத்திலேயே கிடைக்கும் என்று ஒருவர். பெட்டிக்குள் கை விட்டு எடுக்கிற சீட்டில் முகத்துக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. சந்திரிகா மட்டும் வேலு அண்ணனே போகட்டும் என்றாள். வீட்டுக்காரரின் மதிப்பு வீட்டில்தான் தெரியாது என்று பெண்கள் சிரித்தார்கள். வேலு அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் மனிதர் பெருந்தன்மையாக, "பேரு உள்ள ஆளு போனா நமக்கும் கெத்துதானே லா. போய்ட்டு வா நேசா" என்றார்.

சிவநேசன் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது தோளில் ஒரு பொன்னாடை இருந்தது. சிவப்பில் தங்கச் சரிகை போட்டது. எப்படிக் கிடைத்தது என்று ரூபினி கேட்டாள். மரியாதை தெரிந்தவர்கள் போர்த்தினார்கள் என்றார்.

சந்திரிகா பொன்னாடையைப் பார்க்கவில்லை. "நம்பர் என்ன?" என்றாள்.

"எல்லாம் முடிஞ்சது. நம்பர் பின்னால வரும்."

"பின்னாலன்னா? வேலு அண்ணன் போனா கையோட கொண்டு வருவாரே."

"ஒய்.பி. பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு அவர் பொன்னாடையைக் கூடத்துச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஆணி அடித்து மாட்டினார். அவள் மேலே கேட்டிருக்க வேண்டும். மறுநாள் அதிகாலை வேலை. உடம்பு அசந்து கிடந்தது. முப்பது வருடம் கூடக் குடும்பம் நடத்திய மனிதன் சாமி காரியத்தில் பொய் சொல்லமாட்டான் என்ற ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

பூசத்துக்கு முன்னால் நாடகத்தின் கடைசிப் பகுதி வந்தது. பாதி மாடி இவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. சுபாஷினி முறுக்கு கொண்டுவந்தாள். சிவநேசன் நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். காணாமல் போன பெண்ணின் உடலைக் காடியின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனது மோகன்ராஜ்தான் என்று இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிட்டார். விலங்கு மாட்டி இழுத்துப் போகிறார்கள். ஒய்.பி.யை நிருபர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யாரு? எனக்குத் தெரியாதே. என் பின்னால தினம் எத்தனையோ பேரு நடப்பாங்க" என்கிறார். அதோடு முடிந்தது நாடகம்.

கூடத்தில் முறுக்குக் கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. "பாவம் லா பி.ஏ." என்றாள் சுபாஷினி.

"அது கதை" என்று எழுந்து போனார் சிவநேசன்.

 சந்திரிகா சுவரில் தொங்கிய பொன்னாடையைப் பார்த்தாள். இன்னும் நம்பர் வரவில்லை.

அந்த வாரமே வெடித்தது. வேலு அண்ணனும் நான்கு பேரும் பந்தல் கம்பிகளை ஏற்றிக்கொண்டு ஜாலான் உத்தாமா போனார்கள். நம்பர் இல்லாவிட்டாலும் பழைய இடத்தைப் பார்த்து வைக்கலாம் என்றுதான். அங்கே ஏற்கெனவே வேறு பந்தலுக்குக் கம்பி நட்டிருந்தது. மாநகர் மன்ற அதிகாரி ஹைக்கல் என்ற இளைஞர் மரியாதையாகவே விளக்கினார். ரைபிள்ரேஞ்சு பந்தலை இரண்டு தடவை கூப்பிட்டார்கள், யாரும் எழுந்து வரவில்லை, இடம் கொடுத்தாகிவிட்டது.

வேலு அண்ணன் லாரியை எப்படி ஓட்டி வந்தாரோ தெரியாது. சந்திரிகா தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரம், ஜாஹிர் கடை முன்னால் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் சிவநேசன், முன்னால் தேத்தண்ணி, பக்கத்தில் இரண்டு போன்.

"இடமே போயிடுச்சு நேசா. நீ போனியா இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றார் வேலு அண்ணன். கத்தவில்லை. கத்துகிற மனிதர் கத்தாமல் கேட்டதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

"அண்ணே, டென்ஷன் ஆகாதீங்க. ஒரு போன் போட்டா முடிஞ்சது. ஒய்.பி. பாத்துக்குவாரு." அவர் கை போனைத் தேடிப் போனது. போனது செத்த போனுக்கு.

சந்திரிகா சாப்பாட்டுத் தூக்கை மேசைமேல் வைத்தாள்.

"எந்த ஒய்.பி.?" என்றாள்.

ஜாஹிர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார்.

"கேக்குறேன்ல. எந்த ஒய்.பி.? பேரு சொல்லுங்க. எந்தத் தொகுதி? எங்க ஆபீஸ்? இத்தனை பேருக்குப் பாத்துக்குவாருன்னு சொன்னீங்களே, அவரு மூஞ்சி எப்படி இருக்கும்?"

சிவநேசன் வாயைத் திறந்தார். எழுதிக் கொடுத்த வசனம் அதற்கு மேல் இல்லை.

பிறகு மெல்ல மெல்லக் கழன்று விழுந்தது உண்மை. மண்டபத்துக்கு அவர் போனது நிஜம். வாசலில் நின்ற தொண்டர்கள் அடையாளம் கண்டு, செல்ஃபி எடுத்து, முன்வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். நம் விழாக்களின் வழக்கம் தெரியுமே, முன்வரிசையில் உட்கார்ந்தவர் யார் என்று கேட்கமாட்டார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். போர்த்தினார்கள். பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. பின்னால் பந்தல்காரர்கள் செருப்பும் வேட்டியுமாக வரிசையில் நின்று, கூப்பிடக் கூப்பிடப் போய்ச் சீட்டு எடுத்தார்கள். இவர்களின் பந்தலைக் கூப்பிட்டதும் காதில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அதிகாரி முன்வரிசையைப் பார்த்தபோது, உட்கார்ந்தபடியே கையை லேசாகத் தூக்கி, பாதிச் சிரிப்போடு, வாய் பழகிய அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். யாரோ பெரிய இடத்து ஆள், வாழ்த்துகிறார் போலும் என்று அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"எழுந்து பத்து அடி நடக்க முடியலையாடா?" என்றார் வேலு அண்ணன்.

சிவநேசன் மனைவியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அந்த நாற்காலியில உக்காந்துட்டு எழுந்து வரிசையில நின்னா, எல்லாரும் பாப்பாங்க சந்திரா."

இதுதான். பெற்ற பிள்ளையின் உயிருக்குக் கொடுத்த வாக்கு ஒரு தட்டில், நாலு பேர் பார்ப்பார்கள் என்பது மறு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவரே சொல்லிவிட்டார். சந்திரிகா திட்டவில்லை. திட்டுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும். அங்கே ஒரு வெள்ளைச் சட்டைதான் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

மறுநாள் அவர் கடைசியாக ஒரு கூத்து ஆடிப் பார்த்தார். பையை மாட்டிக்கொண்டு ஜாலான் உத்தாமாவில் ஹைக்கலைத் தேடிப் போனார். சந்திரிகா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே போனாள். இவரை நம்பி அல்ல, இவரை நம்பக்கூடாது என்று. ஹைக்கல் இவரைக் கண்டதும் வாயெல்லாம் பல்லானார். நாடகத்தை அவர் அம்மா திரைக்குக் கீழே ஓடும் மலாய் எழுத்தோடு ஒரு நாள் விடாமல் பார்த்தாராம். காடியின் பின்பெட்டிக் காட்சிக்குப் பிறகு அந்தம்மா வீட்டுக் காடியின் பின்பெட்டியைத் திறக்கவே பயப்படுகிறாராம். தோளில் கை போட்டு ஒரு படம், பையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். சிவநேசன் நெஞ்சு நிமிர்ந்தது. இதுதான் சமயம் என்று இடத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"தா போலே லா, பாங்", முடியாது அண்ணே என்று மலாயில் சிரித்துக்கொண்டே கையை விரித்தார் ஹைக்கல். வரிசையில் நின்று சீட்டு எடுத்தவர்களுக்குத் தான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். நியாயம்தானே. அப்புறம் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று, அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லச் சொல்லிப் போனை நீட்டினார். சிவநேசன் சொன்னார். இடம் கேட்கப் போன மனிதர், நட்டநடு ரோட்டில், "ஒய்.பி. பாத்துக்குவாரு" என்று போனைப் பார்த்துச் சொன்னார்.

சந்திரிகா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வெயிலில் தள்ளி நின்று மலையை அண்ணாந்து பார்த்தாள். அங்கே நிற்கிறவனுக்கு இடுப்பில் ஒரு கோவணம், கையில் ஒரு தண்டம். பை கிடையாது. பை தூக்க ஆளும் கிடையாது. அவனிடம் போக யாரைப் பிடிக்க வேண்டும்? வாக்குக் கொடுத்தபோது அவள் யாரைப் பிடித்தாள்? ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே அவனிடம்தான் கேட்டாள்.

நேரே நடந்து, தங்கள் பழைய இடத்துக்குப் போனாள். அங்கே பந்தல் போட்டிருந்தது, கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு சீனக் குடும்பம். வருடா வருடம் மலைபோல் தேங்காய் குவித்து ரதத்துக்கு உடைக்கிறவர்கள். இந்த வருடம் தண்ணீர்ப் போத்தலும் ஆரஞ்சுப் பழமும் கொடுக்கப் போகிறார்களாம். வீட்டுக்கார அம்மா, லிம்மம்மா என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். சந்திரிகா செருப்பைக் கழற்றிவிட்டு, தனக்கு வந்த மலாயில், மகள் நோயில் கிடந்ததையும், மூன்று பூசம் மோர் என்று வாக்குக் கொடுத்ததையும், இரண்டு முடிந்து ஒன்று மிச்சம் இருப்பதையும் சொன்னாள். பந்தல் வேண்டாம், ஒரு மேசை போடுகிற மூலை போதும் என்றாள்.

அந்தம்மா யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை. தம் பையன் ஒருவனுக்கு முதுகில் வலி என்று வேண்டிக்கொண்டு பத்து வருடமாகத் தாம் தேங்காய் உடைப்பதைச் சொன்னார். இப்போது அவன் நன்றாக இருக்கிறானாம், தாம்தான் நிறுத்தவில்லையாம். பிறகு எழுந்து, ஆரஞ்சுப் பெட்டிகளைத் தம் கையாலேயே இந்தப் பக்கம் இழுத்துத் தள்ளி, ஒரு மேசைக்கு இடம் காட்டினார். அவ்வளவுதான் காரியம். ஒரு போன் இல்லை, ஒரு பொன்னாடை இல்லை.

அடுக்குமாடிக்காரர்கள் இந்த வருடம் பந்தல் போடவில்லை. வேலு அண்ணன் ஆட்களோடு கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போனார். சிவநேசனோடு அவர் பேசவில்லை. சுபாஷினி எதிரே வந்தால் அடுத்த பக்கம் போனாள். "பி.ஏ. சார்" என்ற பேர் மட்டும் நிலைத்தது. இப்போது அதைச் சொல்லும்போது பின்னால் யாராவது ஒருவர் சிரிப்பார்.

பூசத்தன்று விடியுமுன் எழுந்து, தலைக்குக் குளித்து, சந்திரிகா மோர் கடைந்தாள். இஞ்சி, பச்சை மிளகாய் தட்டிப் போட்டு, கருவேப்பிலை கிள்ளி, பெருங்காயம் கரைத்து, பெரிய எவர்சில்வர் குண்டானில் ஊற்றி மூடியைக் கட்டினாள். பாதையில் காடி விடமாட்டார்கள். கோயில் பக்கம் திரும்பும் இடத்திலிருந்து தலையில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். யார் தூக்குவது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கூடத்துக்குப் போய், சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய பொன்னாடையை எடுத்தாள். ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கி, வட்டமாகச் சுருட்டி, சும்மாடாக்கி, வாசலில் விழித்துக்கொண்டு நின்ற சிவநேசன் தலையில் வைத்தாள். சரிகை நெற்றியில் குத்தியிருக்கும்.

"பை?" என்று மட்டும் கேட்டார் அவர்.

"எந்தக் கையால தூக்குவீங்க?" என்றாள்.

அப்படித்தான் அன்று காலை ஜாலான் உத்தாமாவில் கூட்டத்துக்கு நடுவே அவர்கள் போனார்கள். முன்னால் சந்திரிகா மஞ்சள் சேலையில், கையில் குவளைகள் அடுக்கிய கூடையோடு. பின்னால் குண்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிவநேசன். இடையில் ரூபினி, சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு. வழி நெடுக ஆட்கள் அடையாளம் கண்டார்கள். "பி.ஏ. சார், ஒரு செல்ஃபி" என்றார்கள். நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. "சிந்தாம வாங்க" என்று முன்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. நாடகத்தில் எத்தனையோ பகுதியில் ஒரு பெரிய மனிதனுக்குப் பின்னால் வெறும் பையைத் தூக்கி நடந்த மனிதர், முதல் தடவையாகக் கனமுள்ள ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நடிப்பில் அது வந்ததில்லை.

லிம்மம்மா காட்டிய மூலையில் மேசை போட்டு, குண்டானை இறக்கி, சந்திரிகா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். முதல் குவளையைக் காவடி எடுத்து வந்த ஒரு பையனின் அம்மாவுக்குக் கொடுத்தாள். அப்புறம் கை ஓயவில்லை. காவடிக்காரர்கள், பால்குடம் எடுத்தவர்கள், மொட்டைத் தலையோடு குழந்தைகள், வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் குடித்தார்கள். சிவநேசனுக்குக் குவளை கழுவுகிற வேலை. சட்டைக்கையை மடித்துக்கொண்டு வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

வெயில் ஏறியபோது ஒரு பெரியவர் குவளையோடு அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். பாலிக் புலாவிலிருந்து வந்தவராம். நாடகத்தில் பார்த்த முகம் என்றார். மகன் வேலை விஷயமாக ஒய்.பி. ஒருவரைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் சொல்லிவிட முடியுமா, தம்பி, என்று கேட்டார்.

சந்திரிகாவின் கை குண்டானுக்குள் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் அங்கே இருந்தது.

சிவநேசன் கையிலிருந்த குவளையைக் கழுவி முடித்தார். தண்ணீரை உதறினார்.

"எனக்கு யாரையும் தெரியாதுங்க ஐயா. நான் காடி விக்கிறவன்" என்றார். "ஆபீசுக்கு நேரா மகனையே போகச் சொல்லுங்க. வரிசையில நின்னா கூப்பிடுவாங்க."

பெரியவர் நம்பவில்லை. பெரிய இடத்து ஆட்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று சிரித்துக்கொண்டே மோரைக் குடித்துவிட்டுப் போனார். அதற்கு சந்திரிகா என்ன செய்ய முடியும்? குண்டானைச் சாய்த்து அடுத்த குவளையை நிரப்பினாள்.

"இந்தாங்க, அந்தப் பால்குடத்து அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்க" என்று வீட்டுக்காரரிடம் நீட்டினாள். "உப்பு போதுமான்னு கேட்டுட்டு வாங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எழுந்து போனார்.